நான்கு நீலவேணிகள்

மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. முதல் வரிசையில்தான் எனக்கு இடம் போட்டிருந்தார்கள், நாற்காலி முதுகில் ஒரு தாளை ஒட்டி, சிவசூரியன், நாடக விமர்சகர், ஓய்வு, என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள், ஓய்வு என்பதையும் சேர்க்கச் சொன்னது யாரோ, உண்மைதான், பதினோரு வருடமாயிற்று, ஆனாலும் அந்தத் தாளின் மேல் சாய்ந்து உட்காரப் பிடிக்கவில்லை. முழங்காலை நீட்ட ஓரம் வேண்டும் என்று ரங்கனிடம் சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன். முழங்கால் வலி பொய்யில்லை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் இந்த ஊர் சபாக்களில் நான் ஓரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இடைவேளை மணி அடித்ததும் யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போவதற்கு. இன்றைக்கு எழுந்து போக ஆபீசும் இல்லை, அச்சுக்கு மூடக் காத்திருக்கும் பத்திரிகைப் பக்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணி, ஏ.சி. காற்று நேராகக் காதில் அடிக்கிறது, மஃப்ளர் கொண்டுவந்திருக்கலாம், என் மனைவி லோகா இருந்தால் பையில் வைத்திருப்பாள். நாடகம் முடிந்ததும் ரங்கன் என்னை மேடைக்குக் கூப்பிடுவான். பொன்னாடை, பிறகு பத்து நிமிடம் நான் பேச வேண்டும். 'சிப்பித்துறை' நாடகத்துக்கு இது நானூறாவது மேடை, நீலவேணி பாத்திரத்தில் இதுவரை நான்கு பேர் நடித்துவிட்டார்கள், நான்கு பேரையும் பார்த்தவர் நீங்கள் ஒருத்தர்தான் சார், ஒப்பிட்டுப் பேசுங்கள் என்று போனில் சொன்னான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு நாளைக் குறித்துக்கொண்டேன். அபயாம்பாள் நீலவேணியாக நடித்துப் பதினொரு தடவை முழுக்கப் பார்த்திருக்கிறேன். சுபாஷிணி, இரண்டு தடவை. இந்தத் தாரிணியை இன்றைக்குப் பார்க்கப் போகிறேன். நடுவில் ஒருத்தி, பத்மாசனி, அவளுடைய கடைசிக் காட்சியை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன். அவள் முதல் வரிசையில் எனக்கு நேராக உட்கார்ந்திருக்கிறாள். பின்னந்தலை தெரிகிறது. நரைத்துவிட்டது, சாயம் பூசவில்லை.

திரை விலகுகிறது. கடல் சத்தம் இப்போது கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது, அந்தக் காலத்தில் ஒரு முறத்தில் கடுகைப் போட்டு உருட்டுவார்கள், கடுகே மேல், இது ஏதோ மிக்ஸி ஓடுவதுபோல இருக்கிறது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. முத்துக்குளிக்கிறவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான், மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் மைத்துனன், அக்காள் தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பதால் அந்த வழக்கம். நீலவேணிக்கு உடன்பிறந்தவன் கிடையாது. அதனால் அவளே படகில் ஏறிப் புருஷனுடைய கயிற்றைப் பிடிக்கிறாள். கடைசிக் காட்சியில் கயிறு கனமற்றுப் போகிறது. அப்போது அவள் ஒரு பாட்டுப் பாட வேண்டும், மேல் ஸ்தாயிக்கு ஏறி ஏறிப் போகிற பாட்டு, அதற்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். எழுதி இயக்கிய தேவநாதன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் ரங்கன் நடத்துகிறான். இந்தத் தாரிணி கயிற்றைப் பிடிப்பதைப் பார், முதலில் செல்போன் சார்ஜர் வயரைப் பிடிப்பதுபோலத் தூக்கினாள், அப்புறம் இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தாள், அது பரவாயில்லை, அதில் ஒரு பயம் இருக்கிறது. அபயாம்பாளுக்குப் பயமே கிடையாது. மாயவரத்துக்காரி, பத்து வயதிலிருந்து மேடையில் நின்றவள், வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு தேர்வடம் பிடிப்பதுபோலப் பிடிப்பாள், கயிறு அவளுக்கு ஒரு சாமான், குரல்தான் எல்லாம், அந்தக் குரல் கிளம்பினால் பின்வரிசைக்காரன் எழுந்து நிற்பான். சுபாஷிணி முதல் காட்சியிலிருந்தே அழுதாள். புருஷன் உயிரோடு எதிரே நிற்கும்போதே அழுதாள். டி.வி. தொடருக்குப் போய் நன்றாக இருக்கிறாள். பத்மாசனி, பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள், மறுமுனையில் யாரோ பேசப் போகிறார்கள், லைன் வந்துவிடும் என்று காத்திருப்பதுபோல. அது நான் பார்த்தது. முதல் பாதியில். பார்த்த அந்த நிமிடமே துண்டுத்தாளில் எழுதியும் வைத்தேன். அது அச்சில் வரவில்லை. நான்தான் அடித்தேன்.

எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நாடகம் ஆறே முக்காலுக்கு ஆரம்பிக்கும், இடைவேளை ஏழு ஐம்பதுக்கு, எங்கள் நகரப் பக்கம் எட்டரைக்கு மூடும். முழு நாடகத்தையும் பார்த்து எழுதினால் ஒரு நாள் தள்ளிப்போகும், ஒரு நாள் தள்ளிப்போனால் போட்டிப் பத்திரிகை முந்திக்கொள்ளும். அதனால் சபாக்காரர்களே முதல் காப்பியோடு கதைச் சுருக்கத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள், முடிவு அதில் இருக்கும். முதல் பாதியைப் பார்த்தது, இரண்டாம் பாதியைப் படித்தது, இரண்டையும் தைத்துப் பதினெட்டு வரி. நீலவேணி விஷயத்தில் சுருக்கம்கூடத் தேவையில்லை, அபயாம்பாள் நடித்து எனக்கு மனப்பாடம். அன்றைக்கு லோகாவும் வந்திருந்தாள். ஓரத்துக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. மணி அடித்ததும் எழுந்தேன், நீ இருந்து பார்த்துவிட்டு இருபத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்துவிடு என்றேன், அவள் மேடையையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள், திரை போட்டிருந்த மேடையில் அப்போது பார்க்க என்ன இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன். மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றபோது அந்த வரி வந்தது. தேடிப் போகாமலே வந்தது, அப்படி வருகிற வரிகள்மேல் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. 'கடைசிப் பாடலில், அபயாம்பாள் நின்ற உயரத்தைப் பத்மாசனியின் குரல் அண்ணாந்து பார்க்கிறது.' சிக்னல் விழுந்தது தெரியாமல் நின்றேன், பின்னால் ஆரன் அடித்தார்கள். ஆபீசில் பக்கம் கட்டுகிற செல்லப்பா, சார் இரண்டு வரி கூடுது என்று வந்து நின்றான். டெலிபோன் லைனுக்குக் காத்திருப்பதுபோல நின்றாள் என்ற வரியை அடித்தேன். பார்த்ததை அடித்துப் பார்க்காததை வைத்துக்கொண்டேன். செல்லப்பா படித்துவிட்டு, அண்ணாந்து பார்க்கிறது, பிரமாதம் சார் என்றான். ஒரு வாரம் ஊரே சொன்னது. சபா காரியதரிசிகள் காப்பி டபராவை உருட்டிக்கொண்டே சொன்னார்கள், அண்ணாந்து பார்க்கிறது. நல்ல வரிதான். இப்போதும் காதுக்கு நன்றாக இருக்கிறது, அதுதான் சங்கடம்.

மறுநாள் காலையில் லோகா பேப்பரைப் படித்தாள். அடுக்களை வாசலில் நின்று முதலில் ஒரு தரம், அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன், கண்ணாடியில் அவள் தெரிந்தாள். பேப்பரை நாலாக மடித்தாள். "அவ பாடவே இல்லியே," என்றாள். அவ்வளவுதான். ஏன், பின்னே என்ன செய்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது, பாதி முகம் மழித்து பாதி முகம் மழிக்காமல் நின்றேன், இட்லி ஆயிட்டா என்று கேட்டேன். பத்து மணிக்குத் தேவநாதன் போன் பண்ணினார். வேலை போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் குழைந்தார். நல்லவேளை சார், பாடலைன்னு எழுதாம விட்டேள், என் பாட்டையும் காப்பாத்தினேள், அந்தப் பொண்ணு மானத்தையும் காப்பாத்தினேள், பெரிய மனசு உங்களுக்கு என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு தயவு காட்டிவிட்டேன் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தொண்டையைக் கனைத்தேன், அது அவருக்குப் போதுமாயிருந்தது. பெரிய மனசு என்றவரேதான், காரியதரிசிகள் இரண்டு பேர் அந்தப் பெண் வேண்டாம் என்றதும், அவள் நடித்த நான்காவது மேடையோடு பத்மாசனியை நிறுத்தினார். அதற்கப்புறம் அவள் எங்கேயும் நடிக்கவில்லை. எங்கள் பத்திரிகையில் ஐந்தாம் பக்கத்தில் கீழே சின்னதாக ஒரு கட்டம் உண்டு, பிழை திருத்தம் என்று போட்டு, நேற்றைய செய்தியில் இன்னார் பெயர் தவறாக வந்துவிட்டது, வருந்துகிறோம் என்று இருக்கும். பெயருக்குத் திருத்தம் போட்டிருக்கிறோம், தேதிக்கு, ரயில் நேரத்துக்கு, ஒரு தடவை செத்துப்போகாத ஒருவருக்குப் போட்டோம். இதற்கு எப்படி வாசகம் எழுதுவது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். மூன்று வரிக்குள் அடங்கும். முப்பத்தொரு வருடமாக அடங்குகிறது.

மணி. இடைவேளை, கால் தானாக எழுந்துவிட்டது. இரண்டு படி ஏறிக் கதவுவரை போனபிறகுதான், எங்கே போகிறேன், ஸ்கூட்டரை விற்றே ஒன்பது வருடமாயிற்றே என்று நின்றேன். நின்றதும் வெட்கமாக இருந்தது, பாத்ரூம் பக்கம் போகிறவன்போல நடந்தேன், பாத்ரூமும் போக வேண்டித்தான் இருந்தது. கான்டீனில் கேசரி வாசனை, நெய் கொஞ்சம் தூக்கல், மல்லிகை, எவரோ போட்டிருந்த வலித் தைலம். காப்பியை வாங்கிக்கொண்டு திரும்பினால் பத்மாசனி. எதிரே, ஒரு கை தூரத்தில். அறுபது வயது இருக்கும், மூக்குத்தி அப்படியே இருக்கிறது, முகம் கொஞ்சம் அகன்றுவிட்டது. சௌக்கியமா என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன். போன வருடம் ரிடையர் ஆனதைச் சொன்னாள், முட்டிக்கு என்ன தைலம் போடுகிறீர்கள் என்று கேட்டாள், இந்தப் பெண்ணுக்கு நல்ல சாரீரம் இல்லையா என்றாள். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். இரண்டாம் மணி அடித்தது. அவள் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பதுபோலச் சொன்னாள். "இன்னிக்காவது கடைசி வரைக்கும் இருங்கோ சார்." சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும், பாடாத பாட்டை ஒருவன் சுருதி பார்த்து எழுதினால் பாடாதவளுக்குத் தெரியாதா, இவ்வளவு நாள் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், அவளும் தேவநாதனைப்போல எனக்குப் பெரிய மனசு என்று நினைத்திருப்பாள் என்றா. ஆமாம், அப்படித்தான் நினைக்க விரும்பினேன். தெரிந்தவள் ஏன் எழுதவில்லை. ஆசிரியருக்கு ஒரு தபால் அட்டை போதும், உங்கள் விமர்சகர் கடைசிக் காட்சியில் அரங்கத்திலேயே இல்லை என்று, எங்கள் பழைய ஆசிரியர் இதில் மட்டும் ஈவிரக்கம் பார்க்கமாட்டார், அன்று சாயங்காலமே என் மேஜையைக் காலி செய்யச் சொல்லியிருப்பார். ஒரு வருடம் தபாலைப் பார்த்துப் பயந்தேன். வரவில்லை. மேடையில் தாரிணி படகில் ஏறுகிறாள். என் கண் அங்கே இருக்கிறது, ஆனால் நான் இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த முப்பத்தொரு வருடத்தில் அந்தக் காட்சியை எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். பாடவில்லை என்றால், கத்தியிருப்பாளா. கயிற்றைக் கடலில் எறிந்திருப்பாளா. கயிற்றைக் காதில் வைத்துக்கொண்டு லைன் கட்டாகிவிட்டதைக் கேட்டிருப்பாளா, அது எனக்குப் பிடித்தமானது, அதைத்தான் அதிகம் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதில் என் பழைய வரி ஒன்று பிழைத்துவிடுகிறது என்பதாலும் இருக்கலாம். லோகா ஒரே ஒரு தடவை சொன்னாள். ஒரு மழைக்காலம், மாடியில் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடியைக் கட்டைவிரலிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து கட்டைவிரலுக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். "கயித்தைச் சுத்தி வச்சா. அவ்வளவுதான்," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மிச்சக் கொடியையும் சுற்றினாள். எப்படிச் சுற்றினாள், மெதுவாகவா, முகம் எப்படி இருந்தது, ஜனங்கள் என்ன செய்தார்கள், ஒரு நிருபன் கேட்கிற எதையும் நான் கேட்கவில்லை. அந்த நாடகத்துக்குப் பிறகு லோகா என்னோடு எதற்கும் வரவில்லை. விருந்தாளி வருகிறார்கள் என்பாள், தலைவலி என்பாள், சண்டை எதுவும் கிடையாது, என் துண்டுத்தாளைப் பேனாவோடு சட்டைப்பையில் வைத்து அனுப்புவாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ஒரு மத்தியானம் நல்ல நினைவோடு இருந்தாள். அன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், என்ன என்பதுபோல. கஞ்சி குடிக்கிறியா என்று கேட்டேன். ஆறு வருடமாயிற்று. பார்த்தவர்களில் என்னோடு பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான் இருந்தாள், அவளிடம் கஞ்சியைக் கேட்டேன்.

கயிறு தளர்ந்துவிட்டது. தாரிணி நிமிர்கிறாள். அரங்கத்தில் இருமல்கூட இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார், வெளிச்சம் கண்ணில் படுகிறது. பாடுகிறாள். நன்றாகப் பாடுகிறாள், பத்மாசனி சொன்னது சரி, அபயாம்பாளின் கனம் இல்லை, ஆனால் சுத்தமான குரல், மேலே போகும்போது கஷ்டப்படுகிற மாதிரி காட்டிக்கொள்ளாமல் போகிறாள், சுபாஷிணி இந்த இடத்தில் மார்பில் அடித்துக்கொள்வாள், இவள் கையை அசைக்கவில்லை, கயிறு மடியில் கிடக்கிறது, அதை மறந்துவிட்டாள், பாட்டு வந்ததும் எல்லாருமே கயிற்றை மறந்துவிடுகிறார்கள், அபயாம்பாளும் அப்படித்தான், பாட்டு இருக்கும்போது கயிறு எதற்கு. பதினெட்டு வரி தானாக ஓடுகிறது தலைக்குள், தலைப்புகூட வந்துவிட்டது, போடுவதற்குத்தான் பக்கம் இல்லை. முதல் வரிசையில் அந்த நரைத்த தலை அசையவில்லை. வலது கை மட்டும் நாற்காலிக் கையில் இருக்கிறது, விரல்கள் மடங்குகின்றன, விரிகின்றன, தாளம் போடுகிறாளோ என்று பார்த்தேன், தாளத்தோடு சேரவில்லை. கைதட்டல். நானும் தட்டினேன். கடைசி வரைக்கும் இருந்துவிட்டேன்.

மேடைக்கு ஐந்து படி. ரங்கன் கையைப் பிடித்து ஏற்றினான். விளக்கு வெளிச்சத்தில் எதிரே ஒன்றும் தெரியாது என்று நடிகர்கள் சொல்வார்கள், நிஜம்தான், முதல் வரிசை மட்டும் தெரிகிறது. அபயாம்பாளைப் பற்றிச் சொன்னேன், தேர்வடம் என்றதும் கைதட்டினார்கள். சுபாஷிணியைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை. தாரிணி பக்கத்தில் வேர்வையோடு நின்றாள், இரண்டு விரலால் கயிற்றை நிமிண்டினாயே அதை விட்டுவிடாதே என்றேன், அந்தப் பெண் ஆச்சரியமாகப் பார்த்தது. அவ்வளவோடு இறங்கிவிடலாம். வரிசைப்படி சொல்லாமல் நடுவில் ஒரு ஆளைத் தாண்டிவிட்டது யாருக்கும் உறைக்காது, வயதானவன், மறந்துவிட்டான் என்பார்கள். மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். திருத்தத்தின் வாசகம் மனப்பாடமாக இருந்தது. "பத்மாசனி நடித்த கடைசிக் காட்சியை நான் பார்க்கவில்லை. இடைவேளையில் ஆபீசுக்குப் போய்விட்டேன். பார்த்ததாக எழுதினேன், அது தவறு." மூன்று வரிதான். பின்னால் யாரோ சிரித்தார்கள், அது முன்னால்வரை பரவியது, நல்ல சிரிப்பு, விமர்சகர்கள் தூங்குவார்கள், ஓடிவிடுவார்கள் என்பதெல்லாம் சபாக்களில் வழக்கமான வேடிக்கைதானே, கைதட்டல் அபயாம்பாளுக்குக் கிடைத்ததைவிட அதிகம். நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ரங்கன் மைக்கை வாங்கிக்கொண்டு, சாருக்குக் குறும்பு இன்னும் போகல என்றான். பொன்னாடை தோளில் விழுந்தது. பத்மாசனி சிரிக்கவில்லை. குனிந்து நாற்காலிக்கடியில் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது கீழ்ப்படியில் வந்து நின்று கையை நீட்டினாள். மெதுவா என்றாள். பக்கவாட்டுக் கதவருகே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது, உட்கார்ந்தோம், உள்ளே செட்டைப் பிரிக்க ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது.

"எதுக்கு சார் இப்போ?" என்றாள்.

சொல்ல வேண்டும் என்று இருந்தது என்றேன்.

"உங்காத்து மாமி இருந்திருந்தா சொல்ல விட்டிருக்க மாட்டா."

லோகாவை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள், எனக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டவள்போல. பிறகு சொன்னாள். பேப்பரில் வந்த அன்றே பத்மாசனி எங்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டாள். தபாலில் போடவில்லை, கைப்பையில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் லோகா எக்ஸ்சேஞ்சுக்கு வந்திருக்கிறாள், கையில் குடையும் ஒரு சம்புடத்தில் முறுக்கும். புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் அரைமணி நேரம் காத்திருந்திருக்கிறாள், பத்மாசனிக்கு டூட்டி முடியும்வரை. அவர் அரங்கத்திலே இல்லை, நான் இருந்தேன், நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி லோகாவுக்குத் தெரியாது, ஆனாலும் அதற்குத்தான் வந்திருந்தாள். இந்த வேலை போனால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொன்னாளாம். அழவில்லையாம். பத்மாசனி அந்தக் கடிதத்தை அவள் எதிரிலேயே கிழித்தாள்.

"நீங்க எழுதினதை முழுக்கப் பொய்னும் சொல்ல மாட்டேன் சார். பாடத்தான் போனேன். தொண்டை கட்டிண்டுடுத்து. ஆர்மோனியக்காரர் ரெண்டு தரம் எடுத்துக் கொடுத்தார், வரலை. கைல கயிறு இருந்தது. என்ன பண்றது, சுத்தினேன்." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "நீங்க இருந்திருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேள்," என்றாள். அதில் கசப்பு இல்லை, தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

எப்படிச் சுற்றினாய் என்று கேட்டேன். குரல் எனக்கே அசிங்கமாக ஒலித்தது, கெஞ்சுவதுபோல.

"ஞாபகமில்லை சார். பிரக்ஞை இல்லாம பண்ணினது. மாமிக்குத்தான் ஞாபகம் இருந்தது. அன்னிக்கு பெஞ்சில உக்காந்துண்டே புடவைத் தலைப்பை எடுத்து, நீ இப்படித்தான் சுத்தினே, இந்த இடத்துல கொஞ்சம் நின்னே, அப்புறம் மிச்சத்தைச் சுத்தினேன்னு எனக்கே செஞ்சு காட்டினா. புகார் எழுத வந்தவா ரெண்டு பேர் பேனாவை வச்சுட்டு நின்னு பாத்தா. நான்கூட அவ்வளவு நன்னாப் பண்ணியிருக்க மாட்டேன்."

அவளுக்கு ஆட்டோ வந்துவிட்டது. முட்டிக்குத் தைலம் போட மறக்காதீங்கோ என்று சொல்லிவிட்டு ஏறினாள். எனக்கு ரங்கன் கார் சொல்லியிருந்தான், காத்திருந்தேன். வெயில் இறங்கியிருந்தது. அந்த முறுக்கு, அது வீட்டில் என்றைக்குச் சுட்டது, நானும் தின்றிருப்பேன், எந்தப் பஸ்ஸில் போனாள், திரும்பி வந்து எனக்குச் சாயங்காலக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பாள், நான் எதையோ எழுதிக்கொண்டிருந்திருப்பேன், நிமிர்ந்து பார்த்தேனா. இந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். துணிக்கொடியைச் சுற்றும்போதும் நின்றாள், பக்கெட்டோடு எதிரே நின்றுகொண்டிருந்தேனே. நான்கு பேரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். கார் வந்தது. டிரைவர் கதவைச் சாத்திவிட்டு எங்கே சார் என்றான், சொன்னேன். பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன், கொஞ்ச தூரம் போனதும் அதன் ஒரு நுனியைக் கட்டைவிரலில் மாட்டி, முழங்கைக்குக் கொண்டுபோய், திரும்பக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தேன். ஜரிகை வழுக்கி எல்லாம் மடியில் விழுந்தது. மறுபடி முதலிலிருந்து.